நூற்று மூன்று சட்டைகள்

2016 டிசம்பர் 17, சனிக்கிழமை. கோலாலம்பூர் ஜாலான் மகாராஜாலேலாவில் உள்ள சீன அசெம்பிளி மண்டபம். கேலிச்சித்திரக்காரர் ஸுனார் தன் வாசகர்களைத் தேநீருக்கு அழைத்திருந்தார். தேநீர் ஒரு சாக்குத்தான். புத்தகம் விற்று, வழக்குச் செலவுக்கும் வயிற்றுப்பாட்டுக்கும் நாலு காசு சேர்க்க வேண்டும். போலீஸ் வந்தது, ஸுனாரைக் கைது செய்தது, மேசை மேலிருந்ததை எல்லாம் எண்ணி எடுத்துக்கொண்டு போனது. கணக்கு இப்படி: 1,187 புத்தகங்கள், 103 டீ சட்டைகள். பாய்ந்த பிரிவு தண்டனைச் சட்டம் 124சி. நாடாளுமன்ற ஜனநாயகத்துக்குக் கேடு விளைவிக்க முயன்றது என்பது அதன் சாரம். உச்ச தண்டனை 15 ஆண்டுச் சிறை.

ஓவியர் கைதாவது உலகத்துக்குப் புதிதல்ல. புத்தகம் பறிமுதலாவதும் அப்படித்தான். ஒரு நாட்டின் ஜனநாயகத்தை ஆட்டிப் பார்க்கக்கூடிய பொருளாக ஒரு பருத்திச் சட்டை கணக்கில் ஏறியதுதான் விசேஷம். அந்த 103 சட்டைகள் எந்த வழியாக அங்கே வந்து சேர்ந்தன என்று பின்னோக்கிப் போனால், பிரிக்பீல்ட்ஸ் வருகிறது, அச்சகம் வருகிறது, 1984-இல் எழுதப்பட்ட ஒரு சட்டத்தின் விசித்திரமான வாசகமும் வருகிறது.

ஸுனாரின் முழுப்பெயர் சுல்கிப்ளி அன்வார் ஹக். கெடாவில் 1962-இல் பிறந்தவர். கோலாலம்பூர் வந்து மருத்துவமனை ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தபடியே படம் வரைந்தவர். 1978-இல் தொடங்கிய ‘கிலா-கிலா’ நகைச்சுவை இதழ்தான் அந்தத் தலைமுறைக்குப் பள்ளிக்கூடம்; ஸுனாரும் அங்கே தேறியவர். 1998-இல் அன்வார் இப்ராஹிம் துணைப்பிரதமர் பதவியிலிருந்து தூக்கி எறியப்பட்டு, தெருவெங்கும் ‘ரிஃபார்மாசி’ முழங்கியபோது அவருடைய பேனா எதிர்க்கட்சிப் பத்திரிகைப் பக்கம் திரும்பியது. அதன்பின் அது சமாதானப் பக்கம் திரும்பவேயில்லை.

அவர் கோடு தடித்தது. முகத்தை நாலே வளைவில் பிடித்துவிடும். அதோடு, ஒரு ஆளுக்கு ஒரு அடையாளத்தைக் கொடுத்துவிட்டு அதைவிட்டு நகரமாட்டார். அன்றைய பிரதமர் நஜிப்பின் மனைவி ரோஸ்மா என்றால் எழும்பி நிற்கும் கொண்டையும் விரலில் மலை மாதிரி ஒரு மோதிரமும். வருடக்கணக்கில் அந்த மோதிரம் பெரிதாகிக்கொண்டே வந்தது. படம் பார்க்கிறவருக்கு அன்றைய செய்தி தெரிந்திருக்க வேண்டியதில்லை, மோதிரத்தைக் கண்டாலே சிரிப்பு வந்துவிடும்.

சட்டையில் ஏறுவதற்குத் தோதான படம் இதுதான். இதை அச்சுக்கடைக்காரர் யாரும் சொல்வார். கிள்ளானிலோ பிரிக்பீல்ட்ஸிலோ சட்டை அச்சடிக்கும் கடைக்குப் போனால் சுவரோரம் மரச்சட்டங்கள் அடுக்கி வைத்திருக்கும். சட்டத்தில் இழுத்துக் கட்டிய மெல்லிய வலை. வலை மேல் ஒளி பட்டால் இறுகும் பசை பூசிக் காயவைத்து, படம் அச்சான பிலிமை அதன் மேல் வைத்து விளக்கு வெளிச்சத்தில் காட்டுவார்கள். கருப்புக் கோடு விழுந்த இடத்தில் வெளிச்சம் படாது. அங்கே பசை இறுகாது. தண்ணீர் பீய்ச்சினால் அந்த இடம் மட்டும் கரைந்து வலைக்கண் திறந்துகொள்ளும். கோடு இருந்த இடமெல்லாம் இப்போது வழி. சட்டையைப் பலகையில் மாட்டி, சட்டத்தைக் கவிழ்த்து, மையை ஊற்றி ரப்பர் கட்டையால் ஒரு இழுப்பு இழுத்தால் பிரதமர் சட்டையில் இறங்கிவிடுவார். பிறகு 160 டிகிரி அளவில் சூடு காட்டினால் துவைத்தாலும் போகமாட்டார்.

ஒரு நிறத்துக்கு ஒரு சட்டம். நாலு நிறம் என்றால் நாலு சட்டம், நாலு முறை அச்சு, நாலு மடங்கு வேலை. புகைப்படம் என்றால் அதைப் புள்ளிகளாக உடைக்க வேண்டும். கேலிச்சித்திரத்துக்கு ஒரே கருப்பு போதும். உலகத்திலேயே மலிவாகப் பெருகக்கூடிய படம் அதுதான். கோவில் திருவிழாத் தொண்டர் சட்டை, பள்ளி விளையாட்டுப் போட்டிச் சட்டை, குடும்ப நாள் சட்டை என்று வருடம் முழுக்க ஓடுகிற அதே பலகையில் பிரதமரும் அச்சாகலாம்.

கோப்பைக்கு வேறு வழி. விசேஷ மையில், கண்ணாடியில் தெரிவதுபோல் இடம்வலமாகத் திருப்பிக் காகிதத்தில் அச்சிட வேண்டும். அந்தக் காகிதத்தில் தலைவர்களெல்லாம் எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டிருப்பார்கள், எழுத்தும் இடம்வலம் மாறி. பூச்சுப் பூசிய வெள்ளைக் கோப்பையைச் சுற்றி அதை ஒட்டி, அழுத்து இயந்திரத்தில் 180, 200 டிகிரி சூட்டில் சில நிமிடம் பிடித்தால் மை ஆவியாகிப் பூச்சுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். காகிதத்தை உரித்தால் எல்லாரும் சரியான பக்கம் திரும்பியிருப்பார்கள்.

இந்த வித்தைக்கு வயது அதிகம். 1756-இல் லிவர்பூலில் ஜான் சாட்லர், கை கிரீன் என்ற இருவர், ஆறு மணி நேரத்தில் 1,200 பீங்கான் ஓடுகளுக்கு மேல் படம் அச்சிட்டதாகப் பிரமாணம் எழுதிக் கொடுத்தார்கள். அதுவரை பீங்கானில் படம் என்றால் பெரும்பாலும் கையால் வரைந்தது, பணக்காரர் வீட்டுப் பொருள். அதன் பின் குடிமக்களின் பீர்ச் சாடியில் நெப்போலியன் கேலிப்படமாக ஏறினான். அதே காலத்தில், 1805-இல், ஜேம்ஸ் கில்ரே வரைந்த படம் ஒன்று இருக்கிறது. இங்கிலாந்துப் பிரதமர் பிட்டும் நெப்போலியனும் எதிரெதிரே உட்கார்ந்து, ஆவி பறக்கும் பண்டமாக உலக உருண்டையை வெட்டித் தட்டில் போட்டுக்கொள்கிறார்கள். பிட்டுக்குக் கடல், நெப்போலியனுக்கு ஐரோப்பா. இன்று லண்டனில் அது தேநீர்க் கோப்பையில் கிடைக்கும் பரிசுப் பொருள். வாங்குகிறவர் சிரித்துக்கொண்டே வாங்குகிறார். நமக்கு அந்தச் சிரிப்பு அவ்வளவு சுலபமாக வரக்கூடாது. பிட் வெட்டிக்கொண்ட அந்தக் கடலாதிக்கத்தில் மலாக்கா நீரிணையும் பிறகு வந்து சேர்ந்தது. 1824-இல் ஆங்கிலேயரும் டச்சுக்காரரும் நீரிணை நெடுகக் கோடு கிழித்ததுபோல, மலாக்கா ஆங்கிலேயருக்கு, பெங்கூலன் டச்சுக்காரருக்கு என்று பிரித்துக்கொண்டார்கள். ரப்பர்த் தோட்டத்துக்கு நம் பாட்டன் கப்பலேறியது அந்த வெட்டுக்கு வெகு பின்னால் வந்த வினை.

மலேசியாவுக்கு வருவோம். இங்கே கேலிச்சித்திரம் வீட்டுப்பொருளில் ஏறியது ஸுனாரால் அல்ல, லாட்டால். 1974 முதல் ‘நியூ ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ்’ இதழில் மலேசிய வாழ்க்கையை வரைந்தவர். 1979-இல் வந்த ‘கம்போங் பாய்’ நாலு மாதத்தில் 60,000 பிரதிகளுக்கு மேல் விற்றது. லாட்டும் தலைவர்களைச் சீண்டியவர்தான். ஹுசேன் ஓன் பிரதமராக இருந்தபோது, சவூதியிலிருந்து ஒட்டகத்தில் நாடு திரும்புகிறவராக வரைந்தார். வழியில் பத்திரிகையில், அரசு ஊழியர் சம்பள உயர்வுச் செய்தியைப் படித்துவிட்டு, ஒட்டகத்தை மெதுவாகப் போகச் சொல்கிறார் பிரதமர். மகாதீரை வரைந்த படங்கள் சேர்ந்து 2004-இல் ஒரு புத்தகமே ஆயிற்று. அன்றைய அமைச்சர் சாமிவேலுவும் லாட்டின் பேனாவுக்குத் தப்பவில்லை. ஆனால் வரையப்பட்டவர் அதைப் பார்த்துச் சிரிக்கலாம், சிரித்தால் தன் பெருந்தன்மையும் ஊருக்குத் தெரியும். அந்த அளவோடு நிறுத்திக்கொள்வது லாட்டின் சாமர்த்தியம். 1994-இல் பேராக் சுல்தான் டத்தோ பட்டம் கொடுத்தார். லாட்டின் படம் தபால்தலையில் ஏறியது, விமானத்தில் ஏறியது.

இதை லாட்டுக்குக் குறையாகச் சொல்லவில்லை. சீக்கியக் கல்யாணத்தையும் மலாய்க் கம்பத்தையும் நம் சனங்களையும் ஒரே பக்கத்தில் உட்கார வைத்துச் சிரிக்க வைத்த கை அது. ஆனால் ஒரு கேலிப்படம் நினைவுப்பொருள் கடைக்குப் போக இரண்டு வழிகள் உண்டு. பல் இல்லாமல் பிறந்தால் நேராகப் போகலாம். பல்லோடு பிறந்தால், கடிபட்டவர் பதவி இழக்கும்வரை காத்திருக்க வேண்டும். ஸுனாரின் சட்டைகள் காத்திருக்க மறுத்தவை.

ஏன் சட்டை? புத்தகத்துக்கு வழி அடைபட்டதுதான் காரணம். 2009-இல் பேராக் மாநில ஆட்சி கவிழ்க்கப்பட்டதைப் பற்றி ‘பேராக் டாருல் கார்ட்டூன்’, மத்திய அரசைப் பற்றி ‘1 ஃபன்னி மலேசியா’ என்று புத்தகங்கள் வந்தன. 2010 ஜூனில் உள்துறை அமைச்சு தடை போட்டது. அதே ஆண்டு செப்டம்பர் 24-ஆம் தேதி, ‘கார்ட்டூன்-ஓ-ஃபோபியா’ வெளியீட்டுக்குச் சில மணி நேரம் முன்பு, பிரிக்பீல்ட்ஸில் இருந்த அவருடைய அலுவலகத்தில் போலீஸ் நுழைந்து 66 பிரதிகளை எடுத்துச் சென்றது. தேச நிந்தனைச் சட்டத்தின் கீழ் அவரையும் கூட்டிக்கொண்டு ஒரு போலீஸ் நிலையத்திலிருந்து இன்னொன்று என்று சுற்றினார்கள். ஒரு மாதம் கழித்து, அக்டோபர் 27-ஆம் தேதி, அதே பிரிக்பீல்ட்ஸில் நஜிப்பும் இந்தியப் பிரதமர் மன்மோகன் சிங்கும் லிட்டில் இந்தியாவைத் திறந்துவைத்தார்கள். வளைவு, வண்ணவிளக்கு, நாதஸ்வரம் என்று பேட்டையே களைகட்டிய அந்த நாளில், நாலு தெரு தள்ளி எடுத்துச் செல்லப்பட்ட 66 புத்தகங்களைப் பற்றி யார் நினைத்திருப்பார்கள்.

தடை போட்ட கையோடு அச்சகங்களுக்கும் எச்சரிக்கை போனது. மலேசியாவில் புத்தகத்தில் அச்சகத்தின் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும். அந்த வரி ஒன்றே போதும், அச்சகத்தாருக்கு இரவு தூக்கம் போக. புத்தகக் கடைகளுக்கும் சோதனை. 2014-இல் அவர் புத்தகங்களை விற்ற உதவியாளர்கள் கைதானார்கள். இணையத்தில் பணம் கட்டி வாங்கியவர்களின் பட்டியலைக்கூடப் பணப்பரிவர்த்தனை நிறுவனத்திடம் போலீஸ் கேட்டது. அதே ஆண்டு அக்டோபர் 8-ஆம் தேதி மேல்முறையீட்டு நீதிமன்றம் 2010-இன் தடைகளை நீக்கியதுதான். ஆனால் நீதிமன்றம் தடையை நீக்கலாம், கடைக்காரர் மனதில் புகுந்த பயத்தை நீக்க எந்த நீதிமன்றத்துக்கும் அதிகாரம் இல்லை.

சட்டைக்குக் கடை வேண்டாம். போட்டிருப்பவரே கடை. எல்ஆர்டியில் எதிர் இருக்கையில் உட்காருவார், மாமாக் கடையில் தே தாரிக் குடிப்பார், பசார் மாலாமில் கத்தரிக்காய் பேரம் பேசுவார். படம் அவரோடு ஊர் சுற்றும். புத்தகத்தைப் பூட்டி வைக்கலாம்; நடமாடும் நெஞ்சை எங்கே பூட்டுவது என்று நினைத்திருப்பார்கள். அதற்கும் சட்டம் பூட்டு வைத்திருந்தது.

1984-ஆம் ஆண்டின் அச்சகங்கள், பதிப்புகள் சட்டத்தில் ‘பதிப்பு’ என்றால் என்ன என்று ஒரு விளக்கம் இருக்கிறது. பத்திரிகை, புத்தகம், ஆவணம், ஒலிப்பதிவு வரை சரி. நடுவில் ஒரு உட்பிரிவு, தன் வடிவத்தாலோ வேறு எந்த விதத்திலோ சொற்களையோ எண்ணங்களையோ உணர்த்தக்கூடிய எந்தப் பொருளும் பதிப்புத்தான் என்கிறது. எழுதியவரின் கற்பனையைப் பாராட்டத்தான் வேண்டும். தலையணை உறை, சாவிக்கொத்து, கைப்பை, கோப்பை, சட்டை எதுவும் இந்த வலையில் தப்பாது.

இது சும்மா ஏட்டில் கிடந்த வாசகம் அல்ல. 2015 ஆகஸ்ட் 29, 30 தேதிகளில் தேர்தல் சீர்திருத்தம் கேட்டு பெர்சே 4 பேரணி. அதற்கு முன்தினங்களில் உள்துறை அமைச்சு இந்தச் சட்டத்தைக் காட்டியே, ‘பெர்சே 4’ என்று எழுதிய மஞ்சள் உடைகளைத் தடை செய்தது. மறுநாள் கோலாலம்பூர் முழுக்க மஞ்சள்தான். அடுத்த ஆண்டு ஜனவரியில் சட்டத்துறைத் தலைவர், ஊழல் புகாரில் நஜிப் மேல் வழக்கில்லை என்று அறிவித்ததும், ஃபாமி ரெசா என்ற வரைகலைஞர் நஜிப்பின் முகத்துக்கு கோமாளி மாவு பூசி, புருவத்தை வளைத்து இணையத்தில் போட்டார். போலீஸ் இணையத்திலேயே கண்டித்தது. அவர் இன்னும் போட்டார். மற்ற ஓவியர்களும் ஆளுக்கொரு கோமாளி வரைந்தார்கள். ஜூன் மாதம் பெட்டாலிங் ஜெயாவில் நடந்த கலைச் சந்தையில் சட்டை விற்றதற்காக ஃபாமி கைதானார். கோமாளிப் படத்துக்காக 2018 பிப்ரவரியில் ஈப்போ செஷன்ஸ் நீதிமன்றம் ஒரு மாதச் சிறையும் 30,000 வெள்ளி அபராதமும் விதித்தது. மேல்முறையீட்டில் சிறை போய் அபராதமும் குறைந்தது.

ஸுனார் கணக்கோ வேறு அளவு. அன்வாரின் தண்டனை உறுதியான நாளில் இட்ட ட்விட்டர் பதிவுகளுக்காக 2015 ஏப்ரலில் ஒன்பது தேச நிந்தனைக் குற்றச்சாட்டுகள்; எல்லாம் நிரூபணமானால் 43 ஆண்டுச் சிறை. தானே கழுத்தும் கையும் விலங்கில் மாட்டி, தூரிகையை வாயில் கவ்வி வரைந்துகொண்டிருப்பதாக ஒரு படம் போட்டார்; உலகம் சுற்றியது அந்தப் படம். 2016 நவம்பரில் பினாங்கில் கண்காட்சி வைத்தார். ஆளுங்கட்சி இளைஞர்கள் வந்து கலாட்டா செய்தார்கள். மறுநாள் கைதானது ஸுனார். அடுத்த மாதம்தான் ஜாலான் மகாராஜாலேலா, தேநீர், 103 சட்டைகள். பிரிக்பீல்ட்ஸில் 66 புத்தகங்களைப் பறிகொடுத்த இடத்திலிருந்து துன் சம்பந்தன் நிலையத்தில் மோனோரயில் ஏறினால் அடுத்த நிறுத்தம் அது. இந்த ஒரு நிறுத்த தூரத்தைக் கடக்க ஆறு ஆண்டு ஆகியிருக்கிறது.

தமிழ்நாட்டுக்கும் இந்தக் கதை அந்நியமில்லை. தமிழில் அரசியல் கேலிச்சித்திரத்தைத் தொடங்கிவைத்தது பாரதியாரின் ‘இந்தியா’ இதழ். 1987-இல் ஆனந்த விகடன் அட்டையில் ஒரு நகைச்சுவை வந்தது: மேடையில் இருப்பவர்களில் ஜேப்படிக்காரன் போல் இருப்பவர் எம்.எல்.ஏ., முகமூடிக் கொள்ளைக்காரன் போல் இருப்பவர் மந்திரி. சட்டமன்றம் கொதித்தது, ஆசிரியர் எஸ். பாலசுப்பிரமணியனுக்கு மூன்று மாதக் கடுங்காவல் விதித்தது. ஊர் கொந்தளித்ததில் சில நாளிலேயே வெளியே வந்தார். பிறகு அவர் போட்ட வழக்கில் உயர் நீதிமன்றம், கைது தவறு என்று சொல்லி 1,000 ரூபாய் இழப்பீடு கொடுக்க உத்தரவிட்டது. அவர் கேட்டதே அவ்வளவுதான். வந்த பணத்தைச் செலவழிக்காமல் சட்டம் போட்டு அலுவலகச் சுவரில் மாட்டினார். சில பொருட்களுக்கு இப்படித்தான் விதி.

நம் 103 சட்டைகளுக்கு விதி 2018-இல் திரும்பியது. மே 9 தேர்தலில் நஜிப்பின் ஆட்சி போனது. அடுத்த வாரங்களில் அவரோடு தொடர்புடைய ஆறு இடங்களில் சோதனை. ஜூன் 27-ஆம் தேதி போலீஸ் பட்டியலை வாசித்தது. நகைகள் 12,000, கைப்பைகள் 567, கைக்கடிகாரங்கள் 423, குளிர்கண்ணாடிகள் 234. மோதிரம் மட்டும் 2,200. ரொக்கம் 11 கோடி வெள்ளிக்கு மேல். இந்தப் பொருட்கள் யாருடையவை என்ற வழக்கு பிறகு நீண்டது. ஆனால் வருடக்கணக்கில் ஒரே ஒரு மோதிரத்தைப் பெரிது பண்ணிப் பெரிது பண்ணி வரைந்தவர், அன்றைக்குத் தன் கற்பனை எவ்வளவு கஞ்சத்தனமானது என்று நினைத்திருக்கலாம். ஜூலை 30-ஆம் தேதி ஒன்பது குற்றச்சாட்டுகளிலிருந்தும் ஸுனார் விடுதலையானார். நஜிப் 2022 ஆகஸ்ட் 23-ஆம் தேதி காஜாங் சிறைக்குப் போனார்.

இத்தோடு கதை முடிந்து, சட்டைகள் பழைய நினைவாக மடித்து வைக்கப்பட்டிருக்கும் என்று நினைத்தால் நாம் நஜிப்பைச் சரியாக எடை போடவில்லை. பதவி போன மறு வருடம், மோட்டார் சைக்கிளில் சாய்ந்து நின்று, ‘மாலு அப்பா போஸ்கு’ என்றார். என்ன வெட்கம் முதலாளி என்று பொருள். பசங்கள் பிடித்துக்கொண்டார்கள். அந்த வாசகம் சட்டையில், கோப்பையில், ஸ்டிக்கரில் எங்கும் விற்றது. யாரைக் கேலி செய்து சட்டை அச்சானதோ அவரே தன்னைச் சட்டையில் அச்சிட்டுக்கொண்டார், அதுவும் தானாகவே ஒரு கேலிப்படத்தின் தோரணையில். அதே வலை, அதே மை, அதே ரப்பர் கட்டை. இதைத்தான் ஸுனார் எதிர்பார்த்திருக்க மாட்டார்.

ஸுனார் ஓயவில்லை. 2021-இல் கெடா மந்திரி பெசார் தைப்பூச விடுமுறையை ரத்து செய்தபோது அதைக் கிண்டல் செய்து படம் வரைந்தார். தைப்பூசம் என்றால் நம் சனம் கோபப்படும், மனு கொடுக்கும், தலைவர்கள் அறிக்கை விடுவார்கள். கெடாவில் பிறந்த ஒரு மலாய்க்காரர் படம் வரைந்தார். மே 7-ஆம் தேதி போலீஸ் தலைமையகமான புக்கிட் அமானுக்கு அவரை அழைத்து விசாரித்தார்கள். ஆட்சி மாறியிருந்தது, அமைச்சர்கள் மாறியிருந்தார்கள். விசாரணை அறை அங்கேயே இருந்தது.

1984-இன் அந்த வாசகமும் அங்கேயே இருந்தது. 2023 மே மாதம் பேரங்காடிகளில் உள்ள ஸ்வாட்ச் கடைகளில் நுழைந்த அதிகாரிகள் வானவில் நிறப் பட்டை வைத்த 172 கைக்கடிகாரங்களை எடுத்துச் சென்றார்கள். ஓரினச் சேர்க்கையாளர் உரிமையைக் குறிக்கும் நிறங்கள் என்பது காரணம். அதே அச்சகச் சட்டத்தின் கீழ் ஆகஸ்டில் தடை உத்தரவும் வந்தது. கைக்கடிகாரமும் இப்போது பதிப்பு. 2024 நவம்பரில் கோலாலம்பூர் உயர் நீதிமன்றம் கடிகாரங்களைத் திருப்பிக் கொடுக்க உத்தரவிட்டது: சோதனைக்கு வாரண்ட் இல்லை, எடுத்துச் சென்ற நாளில் தடையும் இல்லை. தவறாகப் போனது நடைமுறைதான். பதிப்பு என்றால் என்ன என்ற விளக்கத்தில் ஒரு எழுத்தும் மாறவில்லை. எனவே வரும் தீபாவளிக்கு மாமனாருக்குப் பரிசாக, அவர் தினமும் திட்டுகிற அமைச்சரின் முகத்தைக் கோப்பையில் அச்சடித்துத் தரச் சொல்லிக் கிள்ளானில் கடை ஏறுகிறவர், சட்டப்படி ஒரு பதிப்பாளர்; மாமனார், வாசகர்.